மின்சாரம் போய் வந்தபின் பிரிண்டர் எங்கே போகிறது?

ஏற்காட்டில் வசிக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "என் கணினியில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது. புதிதாக வாங்கிய வைஃபை பிரிண்டரை, எந்த டிரைவரும் நிறுவாமலேயே அது தானாகக் கண்டுகொண்டது. கோடை மழையில் இடி இடித்து மின்சாரம் போய் வந்தால், என் கணவரின் பழைய கணினியில் மட்டும் பிரிண்டர் இணைப்பில் இல்லை என்று வருகிறது; என்னுடையதில் அந்தத் தொல்லை இல்லை. இது ஏன்? நான் வினாத்தாள்களை அச்சிடுபவள். அக்கம்பக்கத்தார் யாராவது அவற்றைப் பார்த்துவிட முடியுமா?"

முதல் கேள்விக்கான விடையில் பாதி எளிது. வீட்டு ரவுட்டர், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் வலைப்பின்னலில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஓர் ஐபி முகவரியை வழங்குகிறது. மின்சாரம் போய் வந்தவுடன் பல ரவுட்டர்கள் பழைய ஒதுக்கீட்டை மறந்துவிடுகின்றன. நேற்றுவரை பிரிண்டர் வைத்திருந்த 192.168.1.7 என்ற எண் இன்று ஒரு கைபேசிக்குப் போயிருக்கலாம். கணவரின் கணினியில், நிறுவிய நாளில் யாரோ அந்த எண்ணையே எழுதி வைத்திருக்கிறார்கள். அது இன்னும் 7ஆம் எண்ணின் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. ஆசிரியையின் கணினியோ எண்ணை நம்பவில்லை, பிரிண்டரின் பெயரை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பெயருக்கு உரிய எண்ணை அதற்குச் சொல்வது யார்?

இணையத்தில் இந்த வேலையைச் செய்ய டி.என்.எஸ். சர்வர்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டரின் பெயர் அந்த சர்வர்கள் எதற்கும் தெரியாது. இந்த இடத்தில்தான், கணினி வலைப்பின்னல்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வருகிறது. அதன் பெயர் மல்டிகாஸ்ட் டி.என்.எஸ். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷயர் முன்னின்று வடிவமைத்த இம்முறை, 2013 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 6762 என்ற பொது ஆவணமாக வெளியானது. லினக்ஸில் இதைச் செயல்படுத்தும் மென்பொருள் அவாஹி. கல்யாண மண்டபத்தில், "இந்த எண்ணுள்ள வண்டியின் உரிமையாளர் உடனே வாசலுக்கு வரவும்" என்று மைக்கில் அறிவிப்பதுபோல, கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டுவிடுவதும், உரியவர் மட்டும் பதில் சொல்வதும்தான் இதன் அடிப்படை. கணினி தன் கேள்வியை 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டில் (ஒரு கருவியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண்) அனுப்புகிறது. அந்தப் பெயருக்குச் சொந்தமான கருவி மட்டும் பதிலளிக்கிறது.

மின்சாரம் திரும்பும் அந்தக் கணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. எல்லாம் ஒன்றாகப் பேசத் தொடங்கினால் செய்திகள் மோதிக்கொள்ளும் அல்லவா? அதனால் ஒவ்வொரு கருவியும் 0 முதல் 250 மில்லிநொடிக்குள் ஏதோ ஒரு நேரம் சும்மா காத்திருந்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும் என்று அந்த ஆவணம் விதிக்கிறது. பல கருவிகள் ஒருசேர உயிர்பெறும் சூழலுக்காகவே இந்த விதி என்று காரணமும் சொல்கிறது. காத்திருந்த பிறகு பிரிண்டர், "இந்தப் பெயரை யாராவது வைத்திருக்கிறீர்களா?" என்று 250 மில்லிநொடி இடைவெளியில் மூன்று முறை கேட்கிறது. வேறொரு கருவி உரிமை கொண்டாடினால், பிரிண்டர் தன் பெயரின் பின்னால் 2 என்று சேர்த்துக்கொண்டு மறுபடியும் கேட்கிறது. யாரும் மறுக்காவிட்டால், "இந்தப் பெயர் என்னுடையது, என் எண் இது" என்று ஒரு நொடி இடைவெளியில் குறைந்தது இரண்டு முறை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பில், பழைய எண்ணை நினைவில் வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிடவேண்டும் என்பதற்கான அடையாளமும் இருக்கிறது. ஆசிரியையின் கணினி கேட்காமலேயே புதிய எண்ணை அறிந்துகொள்வது இப்படித்தான்.

இதில் கூச்சல் பெருகிவிடாதபடி செய்திருக்கும் ஒரு நுட்பம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. "அச்சிடும் சேவை தருபவர்கள் யார் யார்?" என்று பொதுவாகக் கேட்கும் கணினி, தனக்கு ஏற்கெனவே தெரிந்த பதில்களையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே அனுப்புகிறது. தன் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்க்கும் பிரிண்டர் பேசாமல் இருந்துவிடும். புதிதாக வந்த பிரிண்டர் மட்டும் 20 முதல் 120 மில்லிநொடி தாமதித்துப் பதில் சொல்லும். தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும் கணினியும் தன் கேள்விகளுக்கு இடையிலான நேரத்தை இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடலாம். தலைமை தாங்கும் சர்வர் ஒன்றுகூட இல்லாமல், எளிய கருவிகள் தங்களுக்குள் இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றன.

டிரைவர் தேவைப்படாததன் காரணத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெயரும் எண்ணும் தெரிந்ததும் கணினி, ஐ.பி.பி. என்ற அச்சு நெறிமுறையில் 631ஆம் போர்ட் வழியாகப் பிரிண்டரிடமே விசாரிக்கிறது: எந்தெந்த அளவுத் தாள், வண்ணம் உண்டா, இரு பக்கமும் அச்சிடுமா, எந்த வடிவில் பக்கங்களை அனுப்ப வேண்டும். பிரிண்டர் சொல்லும் விடைகளைக் கொண்டே, லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் தனக்கு வேண்டிய அமைப்புகளை உருவாக்கிக்கொள்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி விவரக்கோப்பு தேவைப்பட்டது. 2010இல் வந்த, ஆப்பிளின் டிரைவரில்லா அச்சு முறையான ஏர்பிரிண்ட்டும், அதன்பின் வந்த ஐ.பி.பி. எவ்ரிவேர் தரமும் அந்தத் தேவையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டன.

கப்ஸை மைக்கேல் ஸ்வீட் 1990களின் இறுதியில் எழுதினார். 2007இல் அதன் மூலநிரலை ஆப்பிள் வாங்கியது. இப்போது ஓப்பன்பிரிண்டிங் குழு அதைத் தொடர்ந்து வளர்த்துவருகிறது. உலகின் லினக்ஸ் கணினிகளெல்லாம் நம்பியிருக்கும் இந்த வேலையைச் செய்பவர்கள் மிகச் சிலரே. சாலை போடவும் பாலம் கட்டவும் பொதுப்பணம் செலவாவதை நாம் கேள்வி கேட்பதில்லை. எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளைப் பழுது பார்ப்பதற்கும் பொதுப்பணம் ஒதுக்கப்பட வேண்டும். நம் கல்லூரிகளில் இதை மாணவர் திட்டப்பணியாகவும் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்பதற்கு 2024 செப்டம்பரில் நடந்ததே சான்று. கப்ஸுடன் சேர்ந்து இயங்கும் கப்ஸ்-பிரௌஸ்டு என்ற துணை நிரல், 631ஆம் போர்ட்டில் யார் வந்து "நான் ஒரு பிரிண்டர்" என்று சொன்னாலும் நம்பிவிடுகிறது என்பதை சிமோன் மார்கரிட்டெல்லி என்ற ஆய்வாளர் வெளிப்படுத்தினார். போலிப் பிரிண்டர் ஒன்றைக் கணினியின் பட்டியலில் நுழைத்துவிட்டு, பயனர் அதற்கு ஒரு பக்கத்தை அனுப்பும்போது தான் விரும்பிய கட்டளையை அந்தக் கணினியில் ஓடவைக்கத் தாக்குபவரால் முடிந்தது. திருத்தங்கள் விரைவில் வந்துவிட்டன. லினக்ஸுக்கு ஆபத்தே கிடையாது என்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கைதான். அதை நம்பி அப்டேட் செய்யாமல் விடப்பட்ட கணினிகளில் ஓட்டை அப்படியே இருக்கும்.

ஆசிரியையின் கடைசிக் கேள்விக்கு இப்போது வரலாம். மேலே வியந்த ஏற்பாட்டில் அடையாளச் சோதனை எதுவும் இல்லை. வீட்டு வைஃபைக்குள் வந்துவிட்ட எவரும் கேட்கலாம், எவரும் பதில் சொல்லலாம். ஆனால் 224.0.0.251க்குப் போகும் செய்திகளை ரவுட்டர் வீட்டுக்கு வெளியே கடத்துவதில்லை. ஆகவே வைஃபை கடவுச்சொல்தான் இங்கே வேலி. அது நீளமாக இருக்கட்டும். விருந்தினருக்கு ரவுட்டரிலேயே தனி வைஃபை வைத்துக் கொடுங்கள். அந்தத் தனி வைஃபையிலிருந்து பிரிண்டர் தெரியாது என்பதே அதன் பயன்.

பிரிண்டரும் ஒரு சிறு கணினிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் ஐபி முகவரியை பிரௌசரில் இட்டால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், ரவுட்டர் இல்லாமலே பிரிண்டரோடு நேராக இணைய வழிசெய்யும் வைஃபை டைரக்ட்டைப் பயன்படுத்தாவிட்டால் அணையுங்கள், 9100ஆம் போர்ட்டை மூடும் வசதி இருந்தால் மூடிவிடுங்கள். அந்தப் போர்ட் பெரும்பாலும் யார் என்று கேட்காமலேயே எதையும் அச்சிட்டுவிடும். 2018 நவம்பரில் ஒருவர், இணையத்துக்குத் திறந்து கிடந்த ஏறத்தாழ 50,000 பிரிண்டர்களில் ஒரு யூடியூப் சேனலுக்கான விளம்பரத்தை அச்சிடவைத்தது இந்த வழியாகத்தான். கருவிகள் கேட்டவுடன் வெளிவாசலைத் திறந்துவிடும் யூ.பி.என்.பி. வசதி ரவுட்டரில் இருந்தால் அதையும் நிறுத்துவது நல்லது.

கணினிப் பக்கம் வேலை குறைவு. அச்சிடும்போது கணினிதான் பிரிண்டரைத் தேடிப் போகிறது. பிரிண்டர் கணினியைத் தேடி வருவதில்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் 631ஐ உள்ளே அனுமதிக்க வேண்டியதில்லை, பெயர்த் தேடலுக்காக 5353 மட்டும் போதும். 127.0.0.1:631 என்று (127.0.0.1 அந்தக் கணினியையே குறிக்கும் எண்) பிரௌசரில் இட்டால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் திறக்கும். பிரிண்டரைப் பிறருடன் பகிர்வதற்கான கட்டத்திலும், இணையத்திலிருந்து அச்சிட அனுமதிப்பதற்கான கட்டத்திலும் குறியிடப்படாமல் இருக்க வேண்டும். கணவரின் கணினியில் எண்ணைக் கொண்டு சேர்த்த பிரிண்டரை நீக்கிவிட்டு, பட்டியலில் தானாகத் தோன்றும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கணினி பழைய முறையை மட்டுமே அறிந்ததென்றால், ரவுட்டரில் பிரிண்டருக்கென ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிடலாம்.

பிறகு அதே வைஃபையில் இருக்கும் கைபேசியின் பிரௌசரில், கணினியின் ஐபி முகவரியோடு :631 சேர்த்து இட்டுப் பாருங்கள். பக்கம் திறக்காவிட்டால் கணினி சரியாக இருக்கிறது; திறந்துவிட்டால் பகிர்வுக் குறியை எடுத்துவிட்டு மறுபடியும் இதே சோதனையைச் செய்யுங்கள்.