‘புனரமைப்பு’ வேண்டாம், ‘பேணல்’ போதும்

அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தையோ வெண்கலச் சிலையையோ கருவிகளால் ஆராய்ந்து, கெட்டுப்போகாமல் தடுக்கும் வேலைக்கு மொரீஷியஸ் தமிழில் நிலைத்துவிட்ட சொல் ‘புனரமைப்பு’. கண்காட்சிச் சிற்றேடு, பள்ளிக் கையேடு, விழா அழைப்பிதழ் எதைப் புரட்டினாலும் அதுதான். சற்று யோசித்து எழுதுகிறவர்கள் ‘கலைப்பொருள் பாதுகாப்பு’ என்கிறார்கள். இரண்டாவது குழப்பம். முதலாவது பிழை.

இந்தப் பெயர்ப்புகளுக்குப் பின்னால் இருக்கும் ஐரோப்பியச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் செர்வாரே என்றால் காத்துவைத்தல், ரெஸ்தௌராரே என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவருதல். முன்னதிலிருந்து பிரெஞ்சின் கோன்செர்வாசியோன், பின்னதிலிருந்து ரெஸ்தோராசியோன். பிரெஞ்சில் ‘கோன்செர்வாதேர்’ என்பவர் சேகரிப்புக்குப் பொறுப்பாளர். தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களில் அவர் பதவிப்பெயர் காப்பாட்சியர். பொருளின் மேல் கைவைத்து வேலை செய்பவர் ‘ரெஸ்தோராதேர்’. (உணவுக்கடை முதலாளிக்கும் அதே பெயர்தான்.) ஆங்கிலத்திலோ கைவைப்பவர் ‘கன்சர்வேட்டர்’, பொறுப்பாளர் ‘கியூரேட்டர்’. இரண்டு மொழியும் புழங்கும் தீவில் இதன் விளைவைச் சொல்லவே வேண்டாம். பிரெஞ்சைப் பார்த்துப் பெயர்ப்பவருக்குக் கைவைப்பவர் ‘புனரமைப்பாளர்’, ஆங்கிலத்தைப் பார்ப்பவருக்கு ‘பாதுகாப்பாளர்’. அந்தப் பாதுகாப்பாளர் வாசலில் தொப்பி போட்டு நிற்கும் காவலரா, உள்ளே நுண்ணோக்கியில் குனிந்திருப்பவரா என்பதை வாசகர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

சர்வதேச அருங்காட்சியக மன்றத்தின் பேணல் குழு 2008இல் புது தில்லியில் கூடியபோது இந்தச் சிக்கலைத் தீர்க்கவே ஒரு தீர்மானம் போட்டது. முழு வேலைக்கும் ஒரே பொதுப்பெயர். அதற்குள் மூன்று பிரிவுகள்: சூழலைச் சரிசெய்து கேட்டை முன்கூட்டித் தவிர்ப்பது, நடந்துகொண்டிருக்கும் கேட்டை நிறுத்துவது, நிலைப்பட்ட ஒரு பொருள் பார்ப்பவருக்குப் புரியும்படி தோற்றத்தைச் செப்பனிடுவது. ரெஸ்தோராசியோன் இந்த மூன்றாவது மட்டுமே. ‘புனரமைப்பு’ எழுதுபவர்கள் கடைசிக் கிளையின் பெயரை மரத்துக்கே சூட்டிவிட்டார்கள்.

எவ்வளவு பொருந்தாது என்பதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. போர்ட் லூயி கோதான் துறைமுகத்தில் புளூ பென்னி அருங்காட்சியகம் இருக்கிறது. 1847இல் அச்சான இரண்டு தபால்தலைகளின் மூலப்படிகள் அங்கே மணிக்குச் சில நிமிடங்கள்தான் விளக்கொளியில் தெரியும். மற்ற நேரத்தில் நகல்களைத்தான் பார்க்கலாம். காரணம் ஒளிச்சேதம் திரும்பாதது, கூடிக்கொண்டே போவது. காகிதத்துக்கும் துணிக்கும் வழக்கமான உச்சவரம்பு 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அலகு). அந்த அளவிலும் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி சேர்ந்துவிடும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஏற்றினால் அது 20,000. இங்கே எவரும் எதையும் அமைக்கவில்லை, புனரும் அமைக்கவில்லை. தபால்தலையை யாரும் தொடக்கூட இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் நடக்கும் மிக முக்கியமான வேலை இதுதான். அதைச் சொல்ல முடியாத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உலோகத்திலும் இதே கதை. மாஹேபூர் அருங்காட்சியகத்தில் 1744இல் மூழ்கிய சேன் ஜெரான் கப்பலின் மணி இருக்கிறது. இப்படிக் கடலடியில் கிடந்த வெண்கலங்களுக்குப் பொதுவான எதிரி, துருவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குளோரைடு. ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது வெளிறிய பச்சைத் தூளாகப் பொங்கி உலோகத்தைத் தின்னும். காற்றின் ஈரப்பதம் 42 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அடங்கிக் கிடக்கும். நம் கடலோரத்தில் ஈரப்பதம் 70ஐத் தாண்டுவது சாதாரணம். ஆகவே உப்பை ஊறவைத்து நீக்க வேண்டும். செம்பு அரிப்பைத் தடுக்கும் பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளை எத்தனாலில் 3 விழுக்காடு கரைத்து ஊட்ட வேண்டும். மேலே பிசின் பூச வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்த இறுக்கமான பேழைக்குள் வைக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு ‘மணி புனரமைக்கப்பட்டது’ என்று எழுதினால், புதிதாக வார்த்துவிட்டார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார்.

‘புனர்’ வடசொல் என்பதற்காக நான் இதை எதிர்க்கவில்லை. அப்படி எதிர்ப்பவர்களின் ‘மீட்டுருவாக்கம்’ இன்னும் மோசம். உரு ஏற்கெனவே இருக்கிறது. அதை மறுபடி ஆக்குவதுதான் இந்தத் துறையில் பெருங்குற்றம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். 1931இல் வரலாற்றாய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கருவறைச் சுற்றில் கண்டது, நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம். எதை ‘மீட்டு உருவாக்குவது’? மேலிருப்பதைச் சுரண்டினால் நாயக்கர் போச்சு, விட்டால் சோழர் தெரியாது. தொல்லியல் துறையினர் பின்னாளில் மேல்படலத்தைச் சுவரிலிருந்து அப்படியே பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டி இரண்டையும் காத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ். பரமசிவன் இந்தச் சுவர்களின் பூச்சையும் நிறமிகளையும் பகுத்தாய்ந்தவர். அவர் முதலில் கேட்டது ‘இது எதனால் ஆனது’ என்பதை.

இன்றைக்கும் வரிசை அதுதான். முதலில் பக்கவாட்டு ஒளி, புற ஊதா, அகச்சிவப்பு, எக்ஸ்-கதிர் என்று தொடாமல் பார்ப்பது. பிறகு எக்ஸ்-கதிர் ஒளிர்வு ஆய்வு. எந்தத் தனிமங்கள் உள்ளன என்று அது சொல்லும். 18ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் டைட்டேனியம் வெள்ளை என்ற நவீன நிறமி தெரிந்தால், அந்த இடத்தில் 1910களுக்குப் பிறகு யாரோ தூரிகை வைத்திருக்கிறார்கள். ஆனால் அவுரி போன்ற கரிமச் சாயம் அந்தக் கருவிக்குத் தெரியாது. லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டு மூலக்கூறை அடையாளம் காணும் ராமன் நிறமாலையோ வேறு முறையோ வேண்டும். கடைசியில்தான் மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்கு ஒன்றைப் பிசினில் பதித்து, மெருகேற்றி, குறுக்குவெட்டில் அடுக்குகளைப் பார்ப்பது. விடுபட்ட இடத்தை நிரப்பினாலும், பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் போல அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடக்கூடிய பொருளைக் கொண்டுதான் செய்வார்கள். நாளை இன்னொருவர் கழற்றிப் பார்க்க வழி வேண்டும்.

கோவிலில் கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது வேறு. அங்கே வழிபாடு நடக்கிறது, புதுக்குவது முறை, அதற்குத் திருப்பணி என்ற அழகான சொல்லும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் அருங்காட்சியகப் படத்துக்கும் ‘புதுப்பொலிவு’ கேட்கிறோம். ரூபாய் நோட்டில் தமிழ் எந்த வரியில் வர வேண்டும் என்று 1998இல் இந்தத் தீவு கொதித்தது, நியாயமாகத்தான். அந்தத் தமிழில் எழுதும் சொல் சரியா என்று கேட்கத்தான் ஆளில்லை. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

என் பரிந்துரை ‘பேணல்’. குறள் 56இல் ‘தற்காத்துத் தற்கொண்டாற் பேணி’ என்று காப்பதும் பேணுவதும் அடுத்தடுத்து, வேறுவேறாக நிற்கின்றன. காத்தல் தீங்கு அணுகாமல் பார்ப்பது. பேணல் நாள்தோறும் அருகிருந்து கவனிப்பது. ‘குழந்தைப் பேணல், உடல் பேணல் என்று வேறு இடத்திலும் வருகிறதே’ என்பார்கள். வரட்டும், அங்கேயும் அதே பொருள்தான். வேலை செய்பவர் பேணுநர், இடம் பேணற்கூடம், சூழல் சரிசெய்வது முற்பேணல், கேட்டை நிறுத்துவது கேடுதடுப்பு, தோற்றம் திருத்துவது செப்பம். கடலடி வெண்கலம் ஒன்றுக்குக் குறிப்பட்டை இப்படி இருந்தால் போதும்: ‘கேடுதடுப்பு: உப்பு நீக்கி, பென்சோடிரையசோல் ஊட்டப்பட்டது. முற்பேணல்: ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழ். செப்பம்: செய்யப்படவில்லை.’