ஃபெண்டர் ஃபிளேர்: மட்காப்பும் விடைப்பும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு அகலச் சக்கரம் மாட்டிய கதை அது. தமிழாக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தது. நடுவில் ‘சுடர்விடும் மட்கார்டுகள்’ என்று ஒரு தொடர். கார் எங்கே தீப்பிடித்தது என்று முந்தைய பத்தியைத் திரும்பப் படித்தேன். எங்கும் பிடிக்கவில்லை. மூலத்தில் இருந்தது ‘ஃபிளேர்டு ஃபெண்டர்ஸ்’. மொழிபெயர்த்தவர்மேல் குற்றம் சொல்ல மனமில்லை. ஃபிளேர் என்றதும் யாருக்கும் தீக்கொழுந்துதானே முதலில் நினைவுக்கு வரும்?

பொருள் என்னவோ எளிதுதான். சக்கரத்துக்கு மேலே குடை பிடித்தாற்போல் வளைந்து நிற்கும் தகடு ஃபெண்டர். அந்த வளைவின் ஓரம் காரின் பக்கவாட்டிலிருந்து வெளியே அகன்று விரிந்திருந்தால் அது ஃபிளேர். சக்கரம் அகலமாகும்போது அதை மூடும் தகடும் கூடவே அகல வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் முழுக்கச் சொற்களில் இருக்கிறது.

முதலில் ஃபெண்டர். தற்காப்பைக் குறிக்கும் ‘டிஃபெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலையை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ‘ஃபெண்ட்’. தடுப்பது, விலக்குவது என்று பொருள். மூல வேர் லத்தீனில் இருக்கிறது. ஃபெண்டர் முதலில் சாலைக்குரிய சொல்லாகவே இல்லை. கப்பல் துறைச்சுவரில் உரசாமல் இருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் கயிற்றுப் பொதிக்கு அந்தப் பெயர். இன்றும் படகுக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கணப்படுப்பின் முன்னால் தணல் சிதறாமல் வைக்கும் தட்டியும் ஃபெண்டர்தான். அமெரிக்காவில் டிராம் வண்டிகளின் முகப்பில், குறுக்கே வந்தவர் சக்கரத்தில் சிக்காதிருக்கப் பொருத்திய சட்டத்தையும் அப்படியே அழைத்தார்கள். காரின் தகட்டுக்கு இந்தப் பெயரைச் சூட்டி நிலைக்கவைத்தவர்களும் அமெரிக்கர்களே.

பிரிட்டனில் அதே தகடு ‘விங்’, அதாவது இறக்கை. பழைய கார்களில் இந்தத் தகடு உடலோடு ஒட்டாமல், இருபுறமும் பறவைச் சிறகுபோலத் தனியே வளைந்து நின்றது. பெயர்ப் பொருத்தம் அங்கிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களும் காரில் இதை இறக்கை என்றே சொல்கிறார்கள். ஜெர்மானியர் சேற்றையும் சிறகையும் சேர்த்து ‘கோட்ஃப்ளூகல்’ என்றார்கள்: சேற்றுச் சிறகு. இத்தாலியர் சிறகை விட்டுவிட்டு ‘பாராஃபாங்கோ’ என்கிறார்கள். சேற்றைத் தடுப்பது, அவ்வளவே. பிரிட்டிஷ் பணிமனைக் கையேட்டை மொழிபெயர்ப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ‘விங்’ என்பதை இறக்கை என்று எழுதினால், படிப்பவர் காரின் பின்னால் நிற்கும் ஸ்பாய்லரைப் போய்ப் பார்ப்பார்.

இன்னொரு கறாரான வேறுபாடும் உண்டு. அமெரிக்க வழக்கில் ஃபெண்டர் என்பது முன்சக்கரத் தகடு மட்டும். பின்சக்கரத்தை மூடுவது ‘குவார்ட்டர் பேனல்’. பெரும்பாலான கார்களில் முன்னது போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பின்னது உடலோடு வெல்டு செய்யப்பட்டது. ஆனால் ஃபிளேர் என்ற சொல் சேர்ந்துவிட்டால் இந்தக் கறார் எல்லாம் காற்றில் பறந்துவிடுகிறது. நாலு பக்கத்துக்கும் ஃபெண்டர் ஃபிளேர்தான்.

தமிழில் நாம் வைத்திருப்பது மட்கார்டு. சைக்கிளிலிருந்து லாரிவரை அதே சொல். இதற்குச் ‘சேற்றுத் தடுப்பான்’, ‘சேறுதாங்கி’ என்றெல்லாம் ஆக்கிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அவை எதுவும் நாக்கில் நிற்கவில்லை. மண்ணும் குடமும் சேர்ந்தால் மட்குடம், மண்ணும் கலமும் சேர்ந்தால் மட்கலம். வல்லினம் வந்தால் ணகரம் டகரமாகும் என்பது நன்னூல் சொல்லும் புணர்ச்சி. அப்படியானால் மண்ணிலிருந்து காக்கும் காப்பு? மட்காப்பு! மட்கார்டு என்று சொல்லப் போன வாய் பாதி வழியில் தமிழுக்குத் திரும்பியதுபோல் இருக்கிறது. கையைச் சுற்றி அணியும் வளையத்துக்கும் காப்பு என்று பெயர் இருப்பது கூடுதல் வசதி. சக்கரத்தைச் சுற்றி வளைந்து நிற்பதைப் பார்த்தால் அதுவும் பொருந்துகிறது. சேறும் மண்ணும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு: தண்ணீர் சேர்ந்த மண்தானே சேறு.

போகிறபோக்கில் ஒன்று. டாஷ்போர்டும் பிறவியில் ஒரு மட்காப்புதான். குதிரைக் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டிக்காரர்மேல் படாமல் இருக்க முன்னால் வைத்த பலகை அது. குதிரை போய்விட்டது, சேறும் போய்விட்டது, பெயர் மட்டும் கடிகாரமும் மீட்டருமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது ஃபிளேர். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் தலைகாட்டுகிறது. வேர் தெளிவாகப் பிடிபடாத சொல். ஆனால் அதன் முதல் பொருள் தீயோடு தொடர்பில்லாதது: கூந்தலை விரித்துப் பரத்துவது. சுடர்விட்டு எரிவது என்ற பொருள் அடுத்த நூற்றாண்டில்தான் வந்து ஒட்டியது. போகப்போக வெளிப்புறமாக அகல்வது என்ற பொருளும் அந்த விரிதலிலிருந்தே கிளைத்தது. கீழே அகலும் பேண்டுக்கும் பாவாடைக்கும் சொல்லும் ஃபிளேர் இந்தக் கிளையைச் சேர்ந்தது. நம் ஃபெண்டரும் இந்தக் கிளைதான். ஆக, ‘சுடர்விடும் மட்கார்டு’ என்பது ஒரே மரத்தில் தவறான கிளையில் ஏறியதால் வந்த வினை.

இதற்குத் தமிழ்? ‘விரிவு’ என்று எழுதினால் சாலை விரிவாக்கமும் விரிவுரையும் குறுக்கே வரும். ‘புடைப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்கு உரியது. தலையில் இடித்துக்கொண்டால் புடைப்பது எப்படி? நடுவில் எழும்பி, நாலாபக்கமும் தணிந்து பழைய மட்டத்துக்கே வந்துவிடும். புடைப்புச் சிற்பமும் அப்படித்தான். எஞ்சினுக்கு இடம் கொடுக்க பானட்டின் நடுவில் தூக்கியிருக்கும் மேட்டைப் புடைப்பு என்று சொல்லுங்கள், சரியாக இருக்கும். ஃபிளேர் அப்படித் திரும்பி வருவதில்லை. ஓரத்தை நோக்கி அகன்றுகொண்டே போய், அகன்ற நிலையிலேயே முடிந்துவிடும். நாகஸ்வரத்தின் அணசைப் பாருங்கள், அதுதான் ஃபிளேர்.

இந்த வடிவத்துக்கு நாம் தினமும் ஒரு சொல்லைப் புழங்கிக்கொண்டே இருக்கிறோம். கோபத்தில் மூக்கு என்ன ஆகிறது? விடைக்கிறது. ஆங்கிலத்திலும் கோபக்காரரின் நாசிக்கு ஃபிளேர் என்ற அதே வினையைத்தான் போடுகிறார்கள். இரண்டு மொழியும் ஒரே மூக்கைப் பார்த்துச் சொன்ன சொற்கள்! ஆகவே ஃபிளேர் என்றால் விடைப்பு. ஃபிளேர்டு ஃபெண்டர் என்றால் விடைத்த மட்காப்பு. விடை என்றால் காளை என்றும் ஒரு பொருள் உண்டு. பின்புறம் அகன்ற பழைய போர்ஷே ஒன்றைப் பின்னால் நின்று பார்த்தால் அதுவும் தற்செயல்தானா என்று தோன்றும். தற்செயல்தான், ஆசைக்காகச் சொற்பிறப்பை வளைக்கக் கூடாது.

போர்ஷே என்றதும் 911 கரேரா ஆர்.எஸ். 2.7 பற்றிச் சொல்லியாக வேண்டும். விடைப்பு எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கார் கிடைக்காது. 1972 இறுதியில் வெளிவந்தது. முந்தைய 911 எஸ் காரில் நான்கு பக்கமும் 6 அங்குல அகல ரிம். ஆர்.எஸ். முன்னால் அதையே வைத்துக்கொண்டு பின்னால் 7 அங்குலத்துக்குப் போனது. டயர் முன்னால் 185/70, பின்னால் 215/60; முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம். இந்த ஓர் அங்குலம் எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவு செய்வது ஆஃப்செட். ரிம்மில் ‘ஈ.டி.’ என்று பொறித்திருப்பது அதைத்தான். ‘அழுத்திப் பதித்த ஆழம்’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ஹப்போடு (சக்கரத்தைப் போல்ட்டால் மாட்டும் நடுப்பகுதியோடு) ஒட்டும் முகத்துக்கும் இடையிலான தூரம், மில்லிமீட்டரில்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6 அங்குல ரிம்மில் பாதி 76.2 மி.மீ. ஈ.டி. 36. கூட்டினால் 112.2, உள்பக்க நீட்சி. கழித்தால் 40.2, வெளிப்பக்க நீட்சி. 7 அங்குல ரிம்மில் பாதி 88.9, ஈ.டி. 23.3. கூட்டினால் மீண்டும் அதே 112.2. கழித்தால் 65.6. உள்ளே ஒரு மயிரிழைகூட நகரவில்லை, கூடிய 25.4 மி.மீ. முழுவதும் வெளியே வந்துவிட்டது. உள்ளே சஸ்பென்ஷன் இருக்கிறது, அதை நகர்த்த முடியாது. ஆகவே தகடுதான் ஒதுங்க வேண்டும். போர்ஷே பின்பக்க உடலை இருபுறமும் சேர்த்து 42 மி.மீ. அகலப்படுத்தியது. கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த வளைவுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூட்டல் கழித்தல்.

தொழிற்சாலை செய்யாததைப் பின்னாளில் செய்பவர்களுக்கு மூன்று வழிகள். ஓரிரு மில்லிமீட்டர்தான் பற்றாக்குறை என்றால் உதட்டை மடக்கிவிடலாம். மட்காப்பின் ஓரத்துக்குள் விரலை விட்டுத் தடவினால், தகடு உள்பக்கமாக மடிந்து ஒரு பட்டை போல நிற்பது தட்டுப்படும். ஓரம் விறைப்பாக நிற்க அது வேண்டும். ஆனால் வண்டி பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் மேலே வரும்போது டயரைக் கத்திபோலச் சீவுவதும் அதுதான். ஹப்பில் பொருத்திய ஓர் உருளையால் அதை மெல்ல மெல்ல மேல்நோக்கி அழுத்தி மடக்குவார்கள். அவசரப்பட்டால் போச்சு. சூடுகாட்டும் துப்பாக்கியால் பெயிண்டைக் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்காமல் மடக்கினால், மயிரிழை விரிசல் விட்டு, அடுத்த மழையில் அதற்குள் துரு குடிவந்துவிடும்.

இதற்கு மேல் இடம் வேண்டும் என்றால் தகட்டை வெட்டி, உள்கூட்டையும் வெட்டி, புது வளைவை வெல்டு செய்ய வேண்டும். நல்ல கை என்றால் வேலை முடிந்தபின் கூட்டு தெரியாது. மோசமான கை என்றால் அரை அங்குலக் கனத்தில் பட்டி பூசி மறைத்திருப்பார்கள். காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டாமல் விழுந்து காட்டிக்கொடுக்கும். பூச்சுக்கு முன் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை முட்டும்வரை தூக்கி, ஸ்டியரிங்கை இரு முனைக்கும் திருப்பிப் பார்ப்பது நல்லது. சந்தேகம் வந்த இடத்தில் களிமண் உருண்டையை ஒட்டிவைத்தால், நசுங்கிய கனமே மிச்ச இடைவெளி.

மூன்றாவது வழி, தனியாக வார்த்த ஃபைபர்கிளாஸ் துண்டை வெளியிலிருந்து ரிவெட்டாலோ போல்ட்டாலோ பொருத்துவது. ஜப்பானியர் இதற்கு ‘ஓவர்ஃபெண்டர்’ என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். நிசான் 1971இல் தன் நாட்டில் விற்ற ஃபேர்லேடி 240 இசட்.ஜி. தொழிற்சாலையிலிருந்தே இப்படிப் பொருத்தியபடி வந்தது. இதை விடைப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. விடைப்பது என்றால் இருக்கும் தகடே விரிய வேண்டும். இது வீட்டுச் சுவரோடு சார்ப்பு இறக்குவதைப் போன்றது. சொல்லும் கைவசம் இருக்கிறதே, சார்ப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். 1978இல் வந்த லம்போர்கினி கவுன்டாஷ் எல்.பி. 400 எஸ், பின்னால் 345/35 டயரை மூட அணிந்துகொண்டது சார்ப்பு. ஆர்.எஸ். காரில் இருப்பது விடைப்பு. இரண்டையும் ஒரே ஃபிளேருக்குள் அடைக்கும் ஆங்கிலத்தைவிட நாம் இந்த ஓர் இடத்திலாவது துல்லியமாக இருக்கலாம்.

ஃபெராரியின் டினோ 246 கார்களை வாங்கி விற்பவர்கள் ‘சேர்ஸ் அண்டு ஃபிளேர்ஸ்’ என்று எதுகை வைத்துப் பேசுவார்கள். டேடோனா என்ற இன்னொரு ஃபெராரியின் பாணியில் இருக்கையும் அகன்ற சக்கர வளைவும் ஒருசேர அமைந்த வண்டிகளுக்கு அந்தச் செல்லப்பெயர். ‘இருக்கையும் விடைப்பும்’ என்றால் பொருள் வந்துவிடுகிறது, எதுகை போய்விடுகிறது. எனக்கு இன்னும் வழி பிடிபடவில்லை.

அந்தத் தமிழாக்கத்தில் ‘விடைத்த மட்காப்புகள்’ என்று திருத்தி அனுப்பினேன். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்க்கத் திரும்பி வந்தது. மெய்ப்புப் பார்த்த யாரோ விடைத்ததை அப்படியே விட்டுவிட்டு, ‘காப்பு’ எழுத்துப்பிழை என்று நினைத்துச் சிவப்பு மையால் ‘கார்டு’ ஆக்கியிருந்தார்கள்.