“பீடியை விடுறியா எண்டு கேக்கல்லயே, புள்ள”

மட்டக்களப்பு பஸ் நிலையத்திலும் மாமாங்கேஸ்வரர் கோயில் வீதியிலும் இரவில் படுப்பவர்கள் சிலர், பகலில் எங்கள் கிளினிக்குக்கு இருமலோடு வருவார்கள். தாதியாக நான் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவேன். வீடே இல்லாதவரிடம் சிகரட்டை விடச் சொல்வது கொடுமை என்று நினைத்திருந்தேன்.

ஒரு பெரியவர்தான் அந்த நினைப்பை உடைத்தார். எல்லாம் எழுதி முடித்ததும், “பீடியை விடுறியா எண்டு மட்டும் கேக்கல்லயே, புள்ள” என்றார்.

“எப்ப ஐயா பத்துவீங்க?” என்று அன்றுதான் கேட்டேன். ராச்சாப்பாடு கிடைக்காத நாளில் அதிகம். நிக்கொட்டின் பசியை மந்தமாக்கும். அவருக்குப் பீடி பாதிச் சாப்பாடு. பையை யாரும் எடுக்காமல் விழித்திருக்கவும் அதுவேதான். காசில்லாவிட்டால் கீழே கிடக்கும் துண்டுகளைப் பொறுக்குவார். புகைப்பவருக்குக் காசநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. நெருக்கமாகப் படுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

அதனால் அறிவுரையைவிட முதலில் சாப்பாட்டைப் பார்த்தோம். காலையில் முதல் பீடிக்கு முன் பாணும் தேத்தண்ணியும், சட்டைப் பையில் கொஞ்சம் கச்சான். ஆசை எழும்பினால் சில நிமிடத்தில் தணியும், ஆனால் பக்கத்தில் இருப்பவர் பத்தும்போது அந்தச் சில நிமிடமே மலை. கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு அறை இல்லை. கூடப் படுக்கும் நண்பரையும் சேர்த்து அழைத்த பிறகுதான் கொஞ்சம் முன்னேறினோம். முதல் மூன்று நாளின் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமை. மூன்று நான்கு வாரத்தில் குறையும். பீடிக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போட வேண்டாம், அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனநலத்துக்காக குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர் புகையை விட்டால் அந்த மருந்து இரத்தத்தில் கூடும். விடுவதற்கு முன்பே மனநல கிளினிக்கில் சொல்லி, அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மார்கழி மழையில் பெரியவர் மறுபடி தொடங்கிவிட்டார். வெட்கத்தில் வரவேயில்லை. பிறகு வந்தபோது, “எத்தனை நாள் பத்தாமல் இருந்தீங்க ஐயா?” என்றேன். “பத்தொன்பது.” திட்டுவேன் என்று நினைத்திருந்தார் போல, நிமிர்ந்து பார்த்தார். அன்றே கிளினிக் போனிலிருந்து, புகையை விட உதவும், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இருவரும் சேர்ந்து எடுத்தோம்.

இப்போது இரண்டாம் தடவை முயல்கிறார். அவர் வரும் நாளில் பிளேன்டீக்குத் தண்ணீரை முன்பே கொதிக்க வைத்துவிடுகிறோம்.