உலையிலிருந்து வந்ததெல்லாம் உலையைத் தாங்காது

கசடை நம்பி உலை வேலை செய்து கெட்டுப்போய் என்னிடம் வந்ததில், இந்த ஆண்டில் இது மூன்றாவது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு சிறிய வார்ப்புப் பட்டறை. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்த எஃகு ஆலைக் கசடை, அதாவது உலோகம் உருக்கும்போது மேலே மிதந்து வழித்தெடுக்கப்படும் கழிவை, இடித்து, களிமண்ணோடு பிசைந்து, உருகிய இரும்பை ஏந்தும் வாளிக்கு உட்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் முறை ஊற்றும்போது பூச்சு இளகி, அடித்தகடு சிவந்து, இரும்பு ஒழுகிவிட்டது. தரை காய்ந்திருந்ததால் உயிர் தப்பியது. ஈரத்தில் விழுந்திருந்தால் வெடித்திருக்கும். பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவரின் பாதம் வெந்துபோய்விட்டது.

முதலாளி என்னிடம் கேட்டார்: "அண்ணே, உலைக்குள்ளேயே கிடந்து வந்த பொருள்தானே, சூடு தாங்காதா?"

பக்கத்தில் உள்ள பிறை என்ற ஊரில் இருபது ஆண்டுகளாக உலைகளுக்குச் செங்கல் அடுக்கிக் கொடுக்கிறேன். இந்த ஒரே கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்! பொறுமையாகவே சொல்கிறேன். உலைக்குள் கசடு கல்லாகக் கிடக்கவில்லை, குழம்பாக ஓடியது. உருக வேண்டும் என்பதற்காகவே அதை உருவாக்குகிறார்கள். மணல் தனியாக உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சுட்ட சுண்ணாம்புக்கு 2,500க்கும் மேல். இரண்டோடும் அலுமினாவை (அலுமினியத்தின் ஆக்சைடு) தக்க அளவில் சேர்த்தால் 1,300க்குக் கீழேயே உருகிவிடும். உலோகத்தின் அழுக்கைத் திரட்டி வழித்தெடுக்க ஆலைக்காரர்கள் சுண்ணாம்பு போடுவது இதற்காகத்தான். வெல்லப்பாகு காய்ச்சும்போது மேலே திரளும் அழுக்கைக் கரண்டியால் எடுப்போமே, அது கொப்பரையில் இருந்தது என்பதற்காக அதைக் கொண்டே கொப்பரை செய்வோமா? எஃகுக் கசடில் இரும்பு ஆக்சைடும் நிறைய உண்டு. களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு (மணலில் இருப்பதும் இதுதான்) சேர்ந்தால் அது 1,200 டிகிரி வாக்கிலேயே இளகும். வார்ப்பிரும்பை ஊற்றுவதோ 1,350க்கு மேல்.

கசடிலிருந்து வெப்பம் தாங்கும் பொருள் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. செய்கிறார்கள், நானே பயன்படுத்தியிருக்கிறேன். அலுமினியத் தூளைக் கொண்டு குரோமியம், ஃபெரோடைட்டானியம் (இரும்பு, டைட்டானியக் கலவை) எடுக்கும்போது மிஞ்சும் கசடில் பெரும்பங்கு அலுமினா. அது நல்ல சரக்கு. ஃபெரோநிக்கல் (இரும்பு, நிக்கல் கலவை) எடுக்கும்போது மிஞ்சும் கசடோடு மெக்னீசியா (மெக்னீசியத்தின் ஆக்சைடு) சேர்த்துச் சுட்டால் ஃபார்ஸ்டரைட் என்ற வெப்பம் தாங்கும் கனிமம் கிடைக்கும், உருகுநிலை 1,890 டிகிரி. ஆனால் அது சாக்கில் வாங்கி இடித்துப் பிசையும் வேலை அல்ல. பகுப்பாய்வு, கலவைக் கணக்கு, சுடுதல் என்று ஒவ்வொன்றையும் பார்த்துச் செய்வது.

எஃகுக் கசடில் வேறொரு வம்பும் உண்டு. சேராமல் தங்கிய சுண்ணாம்பு நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சி உப்பும். இரண்டாவதாக என்னிடம் வந்தது அப்படித்தான். பட்டர்வொர்த்தில் கல்யாணச் சமையல் அடுப்புக்குக் கட்டிய சுவர் நெருப்பைக் காணும் முன்பே மழைக்காலத்தில் பிளந்து நின்றது. சாலைக்குப் போடுகிறவர்களே மாதக்கணக்கில் நனைத்து ஆறவிடுகிறார்கள்.

சில கசடுகளைத் தொடவே வேண்டாம். அலுமினியக் கசடு நனைந்தால் அம்மோனியாவும் தீப்பற்றும் வாயுக்களும் கிளம்பும். குரோமியம் உள்ளதைச் சுண்ணாம்போடு காற்றில் சுட்டால், புற்றுநோய் தரும் ஆறிணைதிறன் குரோமியமாக மாறும். சமையல் அடுப்புக்கு அது ஒருபோதும் கூடாது. பினாங்கு நெடுங்காலம் வெள்ளீயம் உருக்கிய ஊர், அந்தப் பழைய கசடில் கதிரியக்கமுள்ள தோரியமும் யுரேனியமும் இருக்கும். இங்கே ஒரு பேச்சையும் அறுத்துவிடுகிறேன். மலேசியாவின் 2005ஆம் ஆண்டுப் பட்டியலிடப்பட்ட கழிவு (ஆபத்தானவை என்று அரசு பட்டியலிட்ட கழிவுகள்) விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 104 பிரிவு இரும்பு, எஃகு ஆலைக் கசடுக்கு விலக்கு அளிப்பதைக் காட்டி, "அரசாங்கமே நல்லது என்கிறது" என்று விற்கிறார்கள். அது கழிவு மேலாண்மைக்கான விலக்கு. உலைக்கான சான்றிதழ் அல்ல.

எந்த ஆலையின் எந்தக் கசடு என்று விற்பவர் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். வேதியியல் பகுப்பாய்வுத் தாளையும், பொருளைச் சிறு கூம்பாகச் செய்து சூடேற்றி, எந்த வெப்பத்தில் இளகும் என்று காட்டும் கூம்புச் சோதனை முடிவையும் கேளுங்கள். தாள் இருந்தாலும், உருகிய உலோகம் தொடும் இடத்தில் போடுவதற்கு முன்பு ஒரு கட்டி செய்து, வேலை வெப்பத்துக்கு நூறு டிகிரி மேலே சுட்டுப் பாருங்கள். பூட்ஸ் இல்லாமல் யாரையும் வாளிப் பக்கம் விடாதீர்கள், தயவுசெய்து.

அந்தப் பட்டறையில் இப்போது அலுமினாச் செங்கல் போட்டிருக்கிறோம். மீதமுள்ள பதினான்கு சாக்குக் கசடு பின்புறம் கிடக்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரர் விலை கேட்டிருக்கிறாராம். கொடுத்துவிடாதீர்கள் என்று நேற்றும் போன் செய்து சொன்னேன்.