ரீடைரக்ட்: ‘திசைதிருப்பல்’ வேண்டாம், ‘கைகாட்டி’ போதும்

கோலாலம்பூரில் சிறு வணிகர்களுக்கு இணையக் கடை நடத்தச் சொல்லித்தரும் தமிழ் வகுப்புகள் பெருகிவிட்டன. நல்ல காரியம். ஆனால் எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் ‘ரீடைரக்ட்’ (பழைய இணைய முகவரியைக் கேட்டு வருபவருக்குப் புது முகவரியைச் சொல்லும் ஏற்பாடு) வரவேண்டிய இடத்தில் ‘திசைதிருப்பல்’ என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ‘பழைய பட முகவரிகளுக்கு நிரந்தரத் திசைதிருப்பல் அமைக்கவும்.’ பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு, இணையக் கடையை வேறு தளத்துக்கு மாற்றித் தருவதற்காக வந்த கொட்டேஷனிலும் இதே சொல், தனி வரியாக, தனி விலையோடு. “எதுக்கு தம்பி வாடிக்கையாளரைத் திசைதிருப்பணும்? நமக்கு அந்தப் பொழப்பு வேணாம்” என்று அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்.

அவர் மேல் தப்பில்லை. தமிழில் திசைதிருப்பல் என்றால் என்ன? பேச்சை வேறு பக்கம் இழுப்பது, கவனத்தைக் கலைப்பது, உண்மையை மறைக்க வேறொன்றைக் காட்டுவது. எந்த நாளிதழை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்: ‘மக்களைத் திசைதிருப்பும் முயற்சி’ என்று ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரைத் திட்டியிருப்பார். பாராட்டாக அந்தச் சொல் வந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட சொல்லைக் கொண்டுபோய், வந்த வாடிக்கையாளரைச் சரியான இடத்தில் சேர்க்கும் நேர்மையான ஒரு வேலைக்குச் சூட்டியிருக்கிறோம்.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டைரக்ட்’ லத்தீனில் ‘தீரிகேரே’ என்ற வினையிலிருந்து வந்தது. நேராக்கு, வழிநடத்து என்று பொருள். ‘ரீ’ என்றால் மறுபடியும். திசை அதில் எங்கும் இல்லை. ‘டைரக்‌ஷன்’ என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த வடக்கு தெற்கு ஞாபகம் வந்து யாரோ ஒருவர் திசையை உள்ளே நுழைத்துவிட்டார். இதில் வேடிக்கை, தூய தமிழ் என்று இச்சொல்லைத் தூக்கிப் பிடிப்பவர்கள்தாம் அதிகம். திசையையே வடமொழியிலிருந்து வந்ததாகத்தான் அகராதி சொல்கிறது. திசைச்சொல் என்று தொல்காப்பியரே ஆண்டுவிட்டதால் எனக்கு அதில் வழக்கில்லை. தூய்மையும் இல்லை, தெளிவும் இல்லை என்னும்போது இந்தச் சொல்லைக் கட்டி அழுவது எதற்கு என்பதுதான் கேள்வி.

செயல் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் சொல் பிடிபடும். உலாவி (பிரவுசர்) ஒரு பழைய முகவரியைக் கேட்கிறது. வழங்கி (தளத்தை வைத்திருக்கும் சர்வர்) அதை எங்கும் இழுத்துக்கொண்டு போவதில்லை. ‘301’ என்று ஒரு எண்ணையும் புது முகவரியையும் பதிலாகத் தருகிறது, அவ்வளவுதான். உலாவி தானாகவே அந்தப் புது முகவரிக்குப் போய் மறுபடி கேட்டுக்கொள்கிறது. உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் விதிமுறைதான் எச்டிடிபி; 1996இல் வெளிவந்த அதன் 1.0 ஆவணத்தில் 301க்குக் கொடுத்த பெயர் ‘நிலையாக இடம் மாறியது’ என்ற பொருளில்தான் இருக்கிறது. 302க்கு ‘தற்காலிகமாக இடம் மாறியது’. நம் ஊரில் கடையைக் காலி செய்தவர்கள் இரும்புக் கதவில் ‘காமி தெலா பெர்பிண்டா’ (மலாயில் ‘நாங்கள் இடம் மாறிவிட்டோம்’) என்று புது விலாசத்தோடு ஒரு பேனர் கட்டிவிட்டுப் போவார்களே, அதுதான் 301. பேனர் யாரையும் திருப்புவதில்லை. இடத்தைச் சொல்கிறது, நடப்பது நாம்.

படங்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதை அந்தக் கையேடுகள் ஒன்றும் சரியாகச் சொல்வதில்லை. ஒரு சேலைக்குக் கடையில் ஒரு பக்கம் இருக்கிறது, அதற்கு ஒரு முகவரி. அந்தச் சேலையின் படத்துக்குத் தனியாக இன்னொரு முகவரி. கூகுளின் படத் தேடல் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. வூகாமர்ஸ், ஷாப்பிஃபை இரண்டும் இணையக் கடை நடத்த உதவும் மென்பொருள்கள். வூகாமர்ஸில் இருந்த கடையை ஷாப்பிஃபைக்கு மாற்றும்போது, ஆண்டு மாதம் போட்ட ‘அப்லோட்ஸ்’ அடைவில் (ஃபோல்டரில்) இருந்த படங்களெல்லாம் ஷாப்பிஃபையின் சொந்தப் பட வழங்கிக்குப் போய்ப் புது முகவரி பெற்றுவிடும். பக்கங்களின் முகவரியை அப்படியே காப்பாற்றினாலும் படங்களின் முகவரி மாறாமல் இருப்பது அபூர்வம். பக்கங்களைக் கூகுள் அடிக்கடி வந்து பார்க்கும். படங்கள் அடிக்கடி மாறாதவை என்பதால் அவற்றைப் பார்க்க நிதானமாகத்தான் வரும். வரும்போது பழைய முகவரியில் 404 (‘இங்கே ஒன்றும் இல்லை’ என்ற பதில்) கிடைத்தால் அந்தப் படம் பட்டியலிலிருந்து விழும். புது முகவரியில் இருப்பது அதே மாம்பழ நிறக் காஞ்சிப்பட்டுதான் என்று அதற்கு யார் சொல்வது?

அக்காவின் கடைக்கு நடந்தது அதுதான். பக்கங்களுக்கு ரீடைரக்ட் போட்டிருந்தார்கள். அந்த வரியில் திசைதிருப்பல் என்ற சொல் இல்லை, அதனால் பேனா அதைத் தொடவில்லை. படங்களுக்குப் போடவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில், பெயர் தெரியாமல் நிறத்தையும் கரையையும் வைத்துப் படமாகத் தேடி வருகிற கூட்டம்தான் அவருடைய பாதி வியாபாரம். அந்த ஆண்டு அந்தக் கூட்டம் வரவில்லை. ஒரு தவறான மொழிபெயர்ப்பால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

சரி, வேறு என்ன சொற்கள் இருக்கின்றன? தமிழ் விக்கிப்பீடியா ‘வழிமாற்று’ என்கிறது. திசைதிருப்பலைவிட ஆயிரம் மடங்கு மேல். கலைக்களஞ்சியத்துக்குள் நன்றாகவே புழங்குகிறது. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. இங்கே மாறியது வழி இல்லை, சேருமிடம். வழி மாறினால் அது சாலையில் ஆரஞ்சுப் பலகை வைத்து ‘லென்சோங்கான்’ (மலாயில் மாற்றுப்பாதை) என்று எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி: சுற்றிக்கொண்டு போனாலும் சேர்கிற இடம் பழைய இடமேதான். போதாக்குறைக்கு ‘மாற்று’ என்பது ஏவலா, பெயரா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

‘மடைமாற்று’ என்று ஒரு கூட்டம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மடைமாற்றிய நீர் போய்ச் சேரவேண்டிய வயலுக்குப் போகாமல் வேறு வயலுக்குப் போகும். நிதியை மடைமாற்றினார்கள் என்று ஊழல் செய்தியில்தான் இப்போது அதிகம் படிக்கிறோம். கொட்டேஷனில் மடைமாற்று என்று இருந்தால் அக்கா அதையும் அடித்திருப்பார்.

படித்தவர்கள் ‘ஆற்றுப்படுத்தல்’ என்பார்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வள்ளல் இருக்கும் ஊரையும் போகும் வழியையும் சொல்வதுதானே ஆற்றுப்படை? எச்டிடிபி 301 வேறு என்ன செய்கிறது? பொருளால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்று நானே ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். புழக்கம்தான் இடிக்கிறது. இலங்கைத் தமிழர் உளவியல் ஆலோசனைக்கு இச்சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அங்கே அது வேரூன்றிவிட்டது. ‘உங்கள் படங்களை ஆற்றுப்படுத்துங்கள்’ என்றால் படங்களுக்கு என்ன மனக்கவலை என்று கேட்பார்கள். மற்றவர்களுக்கோ ஏதோ சூடான பாலை ஆற்றச் சொன்ன மாதிரி இருக்கும்.

என் தேர்வு ‘கைகாட்டி’. முச்சந்தியில் ஊர்ப்பெயர் எழுதி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்துக்குத் தமிழர் காலங்காலமாகச் சொல்லிவரும் பெயர். அவிநாசிப் பக்கம் கைகாட்டிப்புதூர் என்று ஓர் ஊரே உண்டு. கைகாட்டி யாரையும் இழுக்காது, திருப்பாது. இடத்தைக் காட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். வழங்கி செய்வது துல்லியமாக அதுதான். ‘அவனைக் கைகாட்டிவிட்டுத் தப்பினான்’ என்று பழிபோடும் பொருளும் இருக்கிறதே என்று ஒரு நண்பர் மடக்கினார். இருக்கிறது, ஆனால் அது ‘கைகாட்டிவிட்டு’ என்ற வினைக்கு ஒட்டியது. ‘கைகாட்டி வை’ என்றால் யாரும் பழியை நினைப்பதில்லை.

301 நிலைக்கைகாட்டி, 302 தற்காலிகக் கைகாட்டி. ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று போனால் தொடர்கைகாட்டி; அது கூடாது, நேராகக் கடைசி முகவரியையே காட்ட வேண்டும். எல்லாப் பழைய படங்களுக்கும் முகப்புப் பக்கத்தைக் காட்டி வைப்பது பொய்க்கைகாட்டி. கூகுள் அதை 404ஆகவே எடுத்துக்கொள்ளும். ஒரு சொல் சரியாக அமைந்தால் அதன் பிள்ளைகளும் தாமாகவே பிறக்கும். ‘நிரந்தரத் திசைதிருப்பல் சங்கிலி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர்கள் ஒரு நாளாவது ஒரு கடையின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்திருப்பார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம். படத்தில் இருப்பதைச் சொற்களில் சொல்லும் ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்பதற்கு ‘மாற்று உரை’ என்று போடுகிறார்கள். படத்துக்குக் கீழே ஒரு பெட்டி, பக்கத்தில் ‘மாற்று உரை’. உரையை மாற்று என்று கட்டளையிடுவதாக நினைத்துக் கடைக்காரர் இருந்த நல்ல விளக்கத்தையும் அழித்துவிடுகிறார். ‘படவிளக்கம்’ என்று எழுத என்ன கேடு? தளம் மாறுவதைப் ‘புலம்பெயர்வு’ என்கிறது இன்னொரு கையேடு. எங்கள் தாத்தாக்கள் ரஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியதற்கும், ஒரு சேலைக்கடை சர்வர் மாறுவதற்கும் ஒரே சொல்லா? ‘இடமாற்றம்’ என்றால் யாருக்குப் புரியாது?

கைகாட்டி பிடிக்காதவர்கள் ‘ரீடைரக்ட்’ என்றே எழுதிவிட்டுப் போகலாம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கடைப்பையன்கள் ‘ரீடைரக்ட் போட்டாச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள், அதில் குழப்பமே இல்லை. எதை எழுதினாலும் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: பக்கங்களுக்கு மட்டுமன்றிப் படங்களுக்கும் ஒன்றுக்கொன்றாகக் கைகாட்டி வேண்டும். பழைய பட முகவரிகளின் பட்டியலைத் தளம் மாறுமுன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்; மாறியபின் எடுப்பது கடினம். குறைந்தது ஓராண்டாவது கைகாட்டிகளைக் கழற்றக்கூடாது என்று கூகுளே சொல்கிறது, படங்களுக்கு அதற்கு மேலும் விட்டுவைப்பது நல்லது.