பெல்லட் இல்லாமல் சுடப் பழகுங்கள்

பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் மையத்திலுள்ள, பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர், அதைத் தொட வேண்டிய பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். இதை அறிந்த மாணவர்கள்கூட, நாள்தோறும் நூறு, நூற்றைம்பது பெல்லட்டுகளைச் சுட்டால் கை தானாகப் படிந்துவிடும் என்று நம்பியே பயிற்சிக்கு வருகிறார்கள். தவறான அசைவோடு நூறு முறை சுட்டால் படிவது அந்தத் தவறுதான்.

ஆகவே என்னிடம் பயில்பவர்களின் நேரத்தில் பாதியை ட்ரை ஃபயரிங்குக்கு, அதாவது பெல்லட் இடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகுவதற்கு, ஒதுக்குகிறேன். மதிப்பெண் பற்றிய பதற்றம் இல்லாதபோது, விசை விடுபடும் கணத்தில், குழலின் முனையருகே உள்ள முன்குறி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு விரல் மட்டும் அசைய வேண்டிய நேரத்தில் உள்ளங்கை முழுவதும் இறுகுவதைப் பலர் அப்போதுதான் முதன்முறையாக உணர்கிறார்கள். முன்குறிக்கும் கண்ணருகே உள்ள பின்குறிக்கும் இடையே 80 செ.மீ. இடைவெளி உள்ள ரைபிளில் முன்குறி அரை மில்லிமீட்டர் விலகினாலே, பத்து மீட்டர் தொலைவில் அது ஆறு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பிழையாகிவிடும்.

ஆனால், 'பெல்லட் இல்லாத துப்பாக்கிதானே' என்ற எண்ணத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன். பெல்லட் அமரும் குழலறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, இன்னொருவரையும் பார்க்கச் சொல்லி, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்த பிறகே பயிற்சி தொடங்க வேண்டும்; அப்போதும் குழல்முனை பாதுகாப்பான திசையை விட்டு விலகக் கூடாது. வெடிமருந்துத் தோட்டாவைச் சுடும் பாயிண்ட் 22 ரைபிளாக இருந்தால், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுடுமுள் குழலறையின் விளிம்பில் மோதிச் சேதம் ஏற்படலாம் என்பதால் போலித் தோட்டா இடுவது நல்லது.

அடுத்தது உடலின் இயல்பான திசையை அறிவது. நின்ற நிலையில் இலக்கைக் குறிபார்த்த பின் கண்களை மூடி, இரண்டு மூன்று முறை மூச்சை இழுத்துவிட்டு, மீண்டும் கண் திறந்து பாருங்கள். குறி வலப்புறமோ இடப்புறமோ விலகியிருந்தால், அதைக் கைகளால் இழுத்துச் சரிசெய்யாமல் பாதங்களைச் சிறிது நகர்த்தி முழு உடலையும் திருப்ப வேண்டும். தசையின் வலுவால் பிடித்து நிறுத்திய குறி, விசை விடுபட்டவுடன் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே அந்தத் திரும்பல் தொடங்கிவிடக்கூடும். சுட்ட பின்னும் ஓரிரு நொடிகள் அதே நிலையில் குறிபார்த்தபடி இருக்கச் சொல்வதும் இதனால்தான்.

இலக்கு அட்டையைத் திருப்பி மாட்டி, வெள்ளைப் பக்கத்தில் பத்து முறை சுடுவதும் பயனுள்ளது. துரத்துவதற்குக் கரும்புள்ளி இல்லாததால் கவனம் விசையிலேயே நிற்கும்.

என் மாணவி ஒருத்தி ஒவ்வொரு முறை சுட்டதும், பெல்லட் பட்ட இடத்தைக் காட்டும் திரையைப் பார்த்துச் சோர்ந்துவிடுவாள். மதிப்பெண் பல மாதங்களாக ஒரே இடத்தில் நின்றது. திரையை அட்டையால் மறைத்து, பெல்லட் எங்கே பட்டிருக்கும் என்பதை அவளே முதலில் சொல்லி நோட்டில் எழுதிய பிறகு பார்க்க வேண்டும் என்றேன். முதல் வாரம் அவள் சொன்னதில் பெரும்பாலானவை தவறின. மூன்றாம் வாரத்தில் ஒருநாள், "கீழே, கொஞ்சம் இடப்பக்கம், விசையைக் கடைசியில் அவசரமாக இழுத்துவிட்டேன்" என்றாள். அட்டையை எடுத்துப் பார்த்தபோது புள்ளி அங்கேயே இருந்தது.