அடங்கலில் யார் பெயர்?

தை மாத மழை ஓய்ந்த நான்காம் நாள், பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுக்க நானும் உதவி வேளாண் அலுவலரும் வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்துகொண்டிருந்தோம். ஒரு விவசாயி சாய்ந்து கிடந்த சம்பாக் கதிரைக் கொத்தாக அள்ளி என் கையில் வைத்தார். நெல்லுக்கு நெல் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், மொத்தமும் அப்படித்தான். "பெயரை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா" என்றார். எந்த வயலில் யார், என்ன பயிரிடுகிறார்கள் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கான அடங்கலைப் புரட்டினேன். அதில் நில உரிமையாளரின் பெயர்தான் இருந்தது. அவர் ஊரைவிட்டுப் போய் இருபது வருடம்.

டெல்டாவில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலத்தில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். அரசு நிவாரணத்துக்குச் சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும். 2015க்கு முன்பு 50 சதவீதம் கேட்டார்கள். அந்த வரம்பைத் தாண்டாமல் நின்றவர்களைவிட, காகிதத்தில் இல்லாமல் நின்றவர்களே என் நினைவில் அதிகம்.

தொகை பெரிதல்ல. 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழைக்கு நெல்லுக்கு எக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 17,000. பின்னதை ஏக்கருக்குக் கணக்கிட்டால் 6,900கூட வராது. ஆனால் கையில் ஒன்றுமில்லாத நேரத்தில் அடுத்த நடவுக்கு அதுதான் கைமுதல்.

வாய்மொழிக் குத்தகைதான் சிக்கலின் வேர். குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969 முதல் இருக்கிறது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளருக்குப் பயம். பதியச் சொன்னால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதோ என்று குத்தகைதாரருக்குப் பயம். எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. வயலுக்குப் போகாமல், போன பசலியை (வருவாய்க் கணக்கு ஆண்டை) பார்த்து இந்தப் பசலி அடங்கலை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே நடவு முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். சாகுபடி செய்பவர், பயிர், பரப்பு மூன்றும் அடங்கலில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். மழைக்குப் பிறகு வந்து நின்றால் எழுதுபவருக்கும் கை நடுங்கும். கூட்டுப் பட்டா என்றால், யார் எந்தப் பகுதியில் பயிரிடுகிறார்கள் என்பதை அண்ணன் தம்பிகள் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புக்கு முன் வயலை உழுதுவிடாதீர்கள். உழவு ஓடிய வயலில் சேதத்தை யாரும் அளக்க முடியாது. வேறு வழியில்லை என்றால் படமாவது எடுத்து வையுங்கள்.

பயிர்க் காப்பீட்டையும் இதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். நிவாரணத்துக்கு உங்கள் வயலின் சேதத்தைப் பார்ப்பார்கள். காப்பீட்டில் பெரும்பாலும் பயிர் அறுவடைச் சோதனை வைத்து அந்த வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சலைத்தான் பார்ப்பார்கள். உங்கள் வயல் மட்டும் மூழ்கியிருந்தால், நான் பணியில் இருந்த காலத்தில் அங்கே பெரும்பாலும் கை விரிப்புதான்.

அந்த ஒன்பது மாவுக்கான பணம் உரிமையாளரின் கணக்கில் ஏறியது. பாதியைக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வருடத்துக் குத்தகை நெல் பாக்கியை மறு வருட அறுவடையில் சேர்த்து அளந்தாராம் சாகுபடி செய்தவர்.